"வாயைத் திறக்காதே" என்று வசனம் சொல்கிறதா?

ராயபுரத்திலிருந்து நான்கு பக்கம் கைப்பட எழுதி வந்த கடிதம் இது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதியவருக்கு 31 வயது. மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணப் பிரிவில் வேலை. சிறு வயதிலிருந்தே திக்கல் உண்டு. வேலையில் பாதி, வாக்கிடாக்கியில் கன்டெய்னர் எண்ணைப் படித்துச் சொல்வது. நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். எழுத்தில் நாக்கு மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்திலிருந்து "டேப்பு சுத்திக்கிச்சு" என்று குரல் வரும். போன மாதம் அவர் அப்படித் திணறியதை ஒருவர் பதிவு செய்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எழுபது பேர் இருக்கிற குழு. மேலாளரும் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்.

வீட்டில் சொன்னதும் அம்மா அழுதாராம். "உன்ன வயித்துல வச்சிருந்தப்போ தெருவுல ஒருத்தர் திக்கிப் பேசுனதப் பாத்து சிரிச்சேன், அதான் உன் தலையில வந்து வுழுந்துச்சி." சபை மூப்பரோ ஏசாயா 53-ஐ எடுத்துக் காட்டி, "தம்முடைய வாயை அவர் திறக்கவில்லை, நீயும் திறக்காதே, அதுதான் உன் சிலுவை" என்றிருக்கிறார். அன்று இரவு இவர் எலிசா தீர்க்கதரிசியின் கரடிக் கதையைப் படித்துவிட்டு, "இவனுக்கும் ஒரு கரடியை அனுப்பும்" என்று ஜெபித்தார். பதினோராம் நாள், பதிவைப் போட்ட அந்த ஆள் எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக் சறுக்கி விழுந்து கால் முறிந்தது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு இரவும் நாற்பது முறை "மன்னியும்" என்று சொல்கிறார். எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து தொடங்குகிறார்.

இதற்கு நடுவே பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கான வேதபாடத்தை வாசிக்கச் சொல்லி ஆயர் கேட்டிருக்கிறார். கேஸ் போட்டால் அஞ்சு வருஷம் உள்ளே தள்ளலாம் என்கிறார் ஒரு நண்பர். பொறுப்பதா, வழக்கா, வேலையை விட்டுவிடுவதா? கடிதம் "இந்த நாக்கோடு ஏன் பிறந்தேன் மேடம்" என்று முடிகிறது.

அன்புள்ள தம்பிக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "ஏன் பிறந்தேன்" என்பது அலுப்பில் வந்த வார்த்தையா, இல்லை செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா? இரண்டாவது என்றால் இந்தப் பதிலை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசில்லை. போனில் பேசுவதே உங்களுக்குப் பாரம் என்று தெரியும். திக்கினாலும் அவர்கள் காத்திருப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பேசச் சொல்லுங்கள். முதல் வகை என்றால், எரேமியாவும் யோபுவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தவர்கள். அதற்காக வேதம் அவர்களை வெளியே தள்ளிவிடவில்லை.

நான் ஆயர் அல்ல, மனநல ஆலோசகர். தண்டையார்ப்பேட்டையில் சண்டே கிளாஸில் மனப்பாடம் செய்த வசனங்கள் இன்னும் நினைவிலிருக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் வசனமும் நோயும் பின்னிக் கிடப்பதால் இரண்டையும் தொடாமல் பதில் சொல்ல வழியில்லை.

கரடியும் கால் முறிவும்

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது திக்கலும் இல்லை, கேலியும் இல்லை. அந்த நாற்பது முறை "மன்னியும்"தான்.

மனதில் நினைத்ததே வெளியில் ஒருவரின் காலை முறித்துவிட்டது என்று நம்புவது பதற்றத்தில் இருப்பவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கிற ஒன்று. அந்த நினைப்பை அழிக்க ஒரு சடங்கு தேவைப்படும். சிலர் கை கழுவுவார்கள், சிலர் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். பக்தி உள்ளவர்களுக்கு அது ஜெபத்தின் வேஷத்தில் வரும். எண்ணிக்கை, தவறினால் முதலிலிருந்து, முடித்த சில நிமிடங்களில் மறுபடி சந்தேகம் என்று இருந்தால் அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகப் பலன் தருகிற நோய் இது. "விசுவாசக் குறைச்சல்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒன்று. டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் தினமும் பைக் ஓட்டுகிறவர் சறுக்கி விழ உங்கள் ஜெபம் தேவையில்லை, கொஞ்சம் மணல் போதும்.

எலிசா கதையையும் பார்ப்போம். 2 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரம். "மொட்டைத்தலையா ஏறிப்போ" என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், எலிசா சபிக்கிறார், இரண்டு கரடிகள் வந்து 42 பேரைப் பீறிப்போடுகின்றன. சண்டே கிளாஸில் டீச்சர் வேகமாகத் தாண்டிப் போன பகுதி இது. எனக்கு இன்றைக்கும் இதைப் படித்தால் வயிற்றைப் பிசையும். ஆனால் நான்கு அதிகாரம் தள்ளிப் போங்கள். அதே எலிசாவின் கையில் சீரியப் படையே சிக்குகிறது. வெட்டட்டுமா என்று ராஜா கேட்கிறான். வேண்டாம், அப்பமும் தண்ணீரும் வைத்து அனுப்பு என்கிறார் எலிசா. அன்று இரவு உங்கள் விரல் இரண்டாம் அதிகாரத்தில் நின்றது, அவ்வளவுதான். அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். சங்கீதம் 69, 109 எல்லாம் எதிரி மீது கொட்டிய கோபம்தான், அவை ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே இருக்கின்றன. கோபத்தை ஆண்டவரிடம் சொல்வது வேறு, ஒருவர் காலை உடைப்பது வேறு. நீங்கள் செய்தது முதலாவது மட்டும்.

அம்மாவின் கணக்கு

கவனித்தீர்களா, அம்மாவும் நீங்களும் ஒரே கணக்கைத்தான் போடுகிறீர்கள். அம்மா சிரித்தார், அதனால் மகனுக்குத் திக்கல். மகன் சபித்தான், அதனால் இன்னொருவருக்குக் கால் முறிவு. யோவான் 9-இல் சீஷர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள்: குருடனாய்ப் பிறந்தது இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா? இரண்டும் இல்லை என்று இயேசு அந்தக் கணக்கையே அடித்துவிடுகிறார். வசதியாக அந்தப் பதிலை மறந்துவிட்டு கேள்வியை மட்டும் நாம் இன்னும் வைத்திருக்கிறோம்.

உங்கள் மாமாவும் திக்குவார் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் சிரிப்பைவிட அதுதான் உருப்படியான தகவல். திக்கல் குடும்பத்தில் தொடர்வது உண்டு. பேச்சுக்கான தசைகளையும் நேரத்தையும் மூளை ஒருங்கிணைக்கும் விதத்தில் இருக்கும் வேறுபாடு அது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். குழந்தைகளில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும், பலருக்குத் தானாக நின்றுவிடும். பெரியவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குத் தங்கிவிடும், அதிலும் ஆண்கள்தான் அதிகம். அந்த எழுபது பேர் குழுவிலேயே இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பயம் திக்கலை உண்டாக்குவதில்லை, ஆனால் இருக்கிற திக்கலைக் கூட்டும். நாக்கில் வசம்பு தேய்த்தால் போகாது. பத்து நாளில் குணம் என்று சுவரில் எழுதிவைத்திருப்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பாட்டிலும் சபையார் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்திலும் ஒருமுறைகூடத் திக்கியதில்லை, ஆகவே யார்டில் பிசாசு நாக்கைக் கட்டுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை தம்பி. பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்கல் மறைவது உலகமெங்கும் எல்லா மதத்தாரிடமும் நடப்பது. கூடச் சொல்பவரின் தாளம் உங்களுக்குக் கைப்பிடி ஆகிறது. சினிமாப் பாட்டுப் பாடினாலும் திக்காது, சோதித்துப் பாருங்கள்.

மூப்பர் சொன்ன வசனம்

நாற்பது வருஷமாக வாயைத் திறக்கத் திணறுகிற எத்தனையோ பேர் இருக்கிற ஊரில், திக்குகிறவரைப் பார்த்து "வாயைத் திறக்காதே" என்று வசனம் சொல்வதற்குக் கொஞ்சம் மனத்துணிவு வேண்டும். மூப்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வசனம் மாறி வந்துவிட்டது.

"நிந்தித்துத் துன்பப்படுத்தி" என்று மலைப்பிரசங்கத்தில் வருகிற பாக்கியத்துக்கு முன்னால் "என்னிமித்தம்" என்று ஒரு சொல் இருக்கிறது. உங்களைக் கேலி செய்தவர்கள் கிறிஸ்துவுக்காகச் செய்யவில்லை. நீங்கள் கோயிலுக்குப் போகாதவராக இருந்தாலும் செய்திருப்பார்கள். விசுவாசத்துக்காக வரும் பாடும், கேட்பாரில்லை என்பதால் ஒருவர் நடத்துகிற அக்கிரமமும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல.

ஏசாயா சொல்வது உண்மைதான், ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் பல கேள்விகளுக்கு இயேசு பேசவில்லை. ஆனால் அதற்கு முந்தின இரவில் பிரதான ஆசாரியன் வீட்டில் ஒரு சேவகன் கன்னத்தில் அறைந்தபோது வாயைத் திறந்தார்: "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்." திருப்பி அடிக்கவில்லை, சபிக்கவில்லை, ஏன் என்று கேட்டார். பவுல் இன்னும் ஒரு படி மேல். பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு மறுநாள் ரகசியமாகப் போகச் சொன்னார்கள். முடியாது, அவர்களே வந்து எங்களை வெளியே விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் வந்து கெஞ்சினார்கள். அப்போஸ்தலர் 16. மூப்பருக்கு மரியாதையாகக் காட்டலாம்.

பொறுத்தேன் என்று சொல்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சீமேயி என்பவன் தாவீது ராஜாவின் மேல் கல்லெறிந்து தூஷித்துக்கொண்டே வந்தான். விட்டுவிடுங்கள், தூஷிக்கட்டும் என்றார் தாவீது. பிரசங்கத்தில் இதுவரைதான் சொல்வார்கள். சாகும் படுக்கையில் மகன் சாலொமோனைக் கூப்பிட்டு அதே சீமேயியின் கணக்கைத் தீர்க்கச் சொன்னதும் 1 இராஜாக்கள் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அத்தனை வருஷம் அது உள்ளேயே இருந்திருக்கிறது. உங்களுக்குள் இருந்த கரடியும் அப்படித்தான் வந்தது.

மோசேயை நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்" என்றார். அது நம் திக்கல்தானா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள், அது இருக்கட்டும். அங்கே நடந்ததைப் பாருங்கள். நாக்கு குணமாகவில்லை. அதற்குப் பதிலாக, அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் வந்தான். இன்றைய பேச்சில் சொன்னால், வேலையில் ஒரு மாற்று ஏற்பாடு. மாற்கு 7-இல் கொன்னைவாய் உள்ள ஒருவரை இயேசு குணமாக்குகிறார், அவரையும் முதலில் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். உங்களை மேடையில் ஏற்றி மைக் கொடுத்து "பேசு, பேசு" என்ற ஜெபக் கூட்டத்துக்கு இனிப் போக வேண்டாம்.

யார்டில் என்ன செய்யலாம்

முதலில் அந்தக் குரல் பதிவை அழிக்காதீர்கள். குழு, தேதி, யார் அனுப்பியது, யார் சிரித்தது எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு இடத்தில் சேமித்துவையுங்கள்.

நண்பர் சொன்ன சட்டம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் நண்பர் சொல்லாமல் விட்டது ஒன்று. சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு இருந்தாலும், குரல்வளையை அகற்றியது, மூளை பாதிப்பால் பேச்சிழந்தது போன்ற நிரந்தரக் குறைபாடுகளை வைத்துத்தான் அதை விளக்கியிருக்கிறார்கள். சிறு வயதுத் திக்கலுக்கு அந்தச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. மாற்றுத்திறனாளி என்பதற்குச் சட்டம் தரும் பொதுவான விளக்கம் அகலமானது என்பதால் வாதாட இடம் உண்டு. வாட்ஸ்அப் குழு பொதுப் பார்வையா என்பதும் வழக்கில் கேட்கப்படும். இதையெல்லாம் வக்கீல்தான் சொல்ல வேண்டும். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கேட்டால், உங்களுக்கு இலவச உதவி பொருந்துமா என்று சொல்வார்கள்.

என் கருத்தைக் கேட்டால், வழக்கை இப்போதைக்குப் பின்னால் வையுங்கள். மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எழுத்தில் உங்களுக்குத் திக்கல் இல்லை, நான்கு பக்கமும் தெளிவாக ஓடுகிறது. இரண்டே கோரிக்கை போதும்: பதிவை நீக்கி, அதே குழுவில் மேலாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டும், கன்டெய்னர் எண்ணை வாக்கிடாக்கிக்குப் பதில் குறுஞ்செய்தியில் அனுப்ப அனுமதிக்க வேண்டும். ஏழு இலக்கத்தைக் காதால் கேட்டு எழுதுவதைவிடக் கண்ணால் பார்ப்பதில் தப்பு குறையும் என்பதால் நிர்வாகத்துக்கும் லாபம்தான். மேலாளரே சிரித்தவர் என்பதால் கடிதம் அவர் வழியாகப் போகக் கூடாது. இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். சிலர் பேச்சை நிறுத்திவிடுவார்கள், ஷிப்டை மாற்றி அலைக்கழிக்கலாம். அதனால் கையில் இரண்டு மாதச் சம்பளம் சேரும்வரை ராஜினாமாவை எழுதாதீர்கள், ஆனால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள்.

கூடவே ஸ்டான்லியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். முழுக்கப் போய்விடும் என்று யாரும் வாக்குத் தர மாட்டார்கள். மாட்டிக்கொள்ளும் சொல்லைச் சண்டையில்லாமல் கடப்பதையும், பயந்து வேறு சொல் தேடி ஓடாமல் இருப்பதையும் கற்றுக்கொடுப்பார்கள். 31 வயதில் அதுவே வேலையைச் சுலபமாக்கும்.

பெரிய வெள்ளி

வாசிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாசிக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தைரியம் காட்டுவதற்கான பரீட்சை இல்லை அது. ஆனால் உங்களுக்கு வந்திருக்கும் பகுதியை ஒருமுறை பாருங்கள். "என் தேவனே, என் தேவனே" என்று அவர் கதறுகிறார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "ஏலீ" என்றது எலியா என்று காதில் விழுந்து, இவன் எலியாவைக் கூப்பிடுகிறான், பார்ப்போம் என்கிறார்கள். சாகிற நேரத்திலும் சொன்ன வார்த்தை கேட்டவர்கள் கையில் வேடிக்கையானது. அவர் சொன்ன வரி சங்கீதம் 22-இன் முதல் வரி. அதே சங்கீதம் ஏழாம் வசனத்தில் "உதட்டைப் பிதுக்கி, தலையைத் துலுக்கி" என்று கேலி செய்தவர்களை அப்படியே காட்டும். உங்களைப் போலச் செய்து காட்டுகிறவர்களின் உதடு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மூப்பர் சொன்னதுபோல வாயை மூடியவரின் பாட்டல்ல இது, வாய்விட்டு அலறியவரின் பாட்டு.

சீஷன் பேதுருவின் கதையும் சிலுவைக்கு முந்தின இரவில்தான். "உன் பேச்சு உன்னை வெளிப்படுத்துகிறது" என்றார்கள், கலிலேயா வாடை அடித்ததாம். பேதுருவுக்கு ராயப்பர் என்று பெயர், ராயபுரம் என்ற பெயரே அவரிடமிருந்து வந்தது என்பார்கள். நம் வடசென்னைப் பேச்சைக் கேட்டதும் நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் முகம் மாறுவது உங்களுக்கும் எனக்கும் புதிதில்லை.

வாசிப்பதானால் மூன்று வழி இருக்கிறது. சபையார் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்படி ஆயரைக் கேட்கலாம், நீங்கள் தொடங்கி வைத்தால் போதும். தங்கையை நிறுத்தி இருவராக வாசிக்கலாம். அல்லது தனியாக வாசித்து, மாட்டும் இடத்தில் மாட்டி, நின்று, போகலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் ஆயரிடம் முன்கூட்டியே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நடுவில் யாரும் சொல்லை எடுத்துக்கொடுக்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்து முன்வரிசைப் பாட்டிகள் அதைத்தான் முதலில் செய்வார்கள். இல்லை, இந்த வருஷம் வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் சரி. எதுவானாலும் குருத்தோலை ஞாயிறுக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஆளைத் தயார்செய்ய அவருக்கும் நாள் வேண்டும்.